ஊர் பேர் தெரியாத போல்ட்டுக்கு ஜோடி தேடுவது எப்படி?

மானூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில், தாத்தா வாங்கிப் போட்ட இங்கிலாந்துத் தயாரிப்பான ஆயில் எஞ்சின் ஒன்று இருக்கிறது. மின்சாரம் நிற்கும் நாட்களில் வாழைக்கு இன்றும் அதுதான் தண்ணீர் இறைக்கிறது. சென்ற ஆண்டு, பம்பை அதன் வார்ப்பிரும்புத் தாங்கியோடு பிணைக்கும் நான்கு போல்ட்டுகளில் ஒன்று முறிந்து விழுந்தது. முறிந்த துண்டைக்கூடக் கையில் எடுத்துக்கொள்ளாமல் கடைக்குப் போய், "அரை இஞ்ச் போல்ட்" என்று கேட்டு வாங்கி வந்தேன். அது விரலால் இரண்டரைச் சுற்று இறங்கியது, பிறகு இறுகிக்கொண்டது. துரு அடைத்திருக்கும் என்று எண்ணி, ஸ்பானரின் வாலில் ஒரு பைப்பைச் செருகி இறுக்கச் சொன்னேன். போல்ட் இறங்கியது, ஆனால் தாங்கியிலிருந்த மரையை (போல்ட் சுற்றி இறங்கும் திருகு வரியை) சுரண்டிக்கொண்டு இறங்கியது.

அந்தப் போல்ட்டின் விலை 45 ரூபாய். சரியான மாற்று கிடைக்க 19 நாட்கள் ஆயின. கெட்டுப்போன துளையைச் சரிசெய்ய லேத் கூலியும் லோடு ஆட்டோ வாடகையுமாக 2,100 ரூபாய் செலவாயிற்று. கடையில் கொடுத்த போல்ட்டும் அரை இஞ்ச்தான், தாங்கியில் இருந்ததும் அரை இஞ்ச்தான். ஒன்றில் இஞ்சுக்கு 13 மரை, மற்றதில் 12 மரை. இந்த ஒரு மரை வித்தியாசத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். அதை எப்படிக் காண்பது, கண்டபின் எங்கே எப்படிக் கேட்பது என்பதை இந்த வேலையில் புதிதாக இறங்குபவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். பழைய மோட்டார் சைக்கிள், அரைவை மில், லேத், வெளிநாட்டிலிருந்து வந்த எந்தச் சாதனமாக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

1. கழற்றும்போதே தொடங்குங்கள்

முறிந்த துண்டு, அதன் நட்டு, வாஷர், பக்கத்தில் இருக்கும் முறியாத போல்ட் ஒன்று ஆகிய நான்கையும் ஒரே பையில் போட்டு, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதிய சீட்டு ஒன்றையும் உடன் வையுங்கள். முறியாத போல்ட்தான் உங்களுக்கு உண்மையான சாட்சி. முறிந்த போல்ட் பெரும்பாலும் முறிவதற்கு முன்பே நீண்டிருக்கும். நீண்ட இடத்தில் மரைகளுக்கு இடையேயான தூரம் கூடிப்போய், அளவெடுத்தால் தவறான கணக்கைக் காட்டும். வேறு போல்ட் கிடைக்காத நிலையில், முறிந்த துண்டில் நட்டுக்குள் ஒளிந்திருந்த பகுதியை மட்டும் அளவெடுங்கள்.

துரு பிடித்துக் கழல மறுத்தால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு முழுக்க ஊற விடுங்கள். அவசரத்தில் தலையை வெட்டி எடுத்துவிட்டால், பின்னால் 6ஆம் படியில் சொல்லப்போகும் தடயங்கள் எல்லாம் தலையோடு போய்விடும். கழற்றிய பிறகு மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மரையின் அடிவரை தேய்த்துக் கழுவுங்கள். பெயிண்டும் கருகிய எண்ணெயும் மரையின் பள்ளத்தில் இருக்கும்வரை எந்தக் கருவியும் சரியாகப் படியாது.

இயந்திரத்தில் அடித்திருக்கும் பெயர்ப் பலகையையும் இப்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். தயாரித்த நாடு, மாடல் எண், வரிசை எண் ஆகியவை பிறகு பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும். வீட்டுப் பரணில் பழைய உதிரிபாகப் புத்தகம் இருந்தால் அதைக் கட்டாயம் இறக்கிப் பாருங்கள். பல நிறுவனங்கள் அதில் போல்ட்டின் அளவை நேராகவே அச்சிட்டிருக்கும்.

2. இரண்டே கருவிகள் போதும்

வெர்னியர் காலிப்பர் ஒன்றும், மரை அளக்கும் தகடுகள் கோத்த பிட்ச் கேஜ் ஒன்றும் வேண்டும். எனக்கு வெர்னியர் 950 ரூபாய்க்கும் கேஜ் 280 ரூபாய்க்கும் கிடைத்தன. கேஜ் வாங்கும்போது மில்லிமீட்டர் முறையான மெட்ரிக் 60 டிகிரி, பழைய இங்கிலாந்து இஞ்ச் முறையான விட்வொர்த் 55 டிகிரி (டிகிரி என்பது மரையின் கோணம்) என்ற இரண்டு தொகுதிகளும் ஒன்றாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். மெட்ரிக் மட்டும் உள்ள கேஜ் பழைய இயந்திரக்காரர்களுக்குப் பாதிப் பயன்தான் தரும். இவற்றை வாங்க மனம் இல்லாதவர்கள் லேத் பட்டறையில் இரவல் கேட்டு அங்கேயே அளந்துகொள்ளலாம். கேட்டால் மறுப்பவர்களை நான் இதுவரை கண்டதில்லை.

3. விட்டத்தை அளந்து எழுதுங்கள், ஆனால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்

வெர்னியரின் தாடைகளை மரையின் உச்சிமேல் வைத்து, தேயாத மூன்று இடங்களில் அளந்து, அவற்றில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட்டின் உண்மையான விட்டம் அதன் பெயரில் உள்ள அளவைவிட எப்போதும் சற்றுக் குறைவாகவே இருக்கும். பத்து மில்லிமீட்டர் போல்ட் 9.75இலிருந்து 9.95 வரை காட்டுவது இயல்பு. அரை இஞ்ச் என்பது 12.7 மில்லிமீட்டர், அளந்தால் 12.5ஐ ஒட்டி வரும்.

இங்கே நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கடையிலும் பட்டறையிலும் அளவு "நூல்" கணக்கில்தான் பேசப்படுகிறது. ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. மூன்று நூல் என்றால் 9.525 மில்லிமீட்டர், நான்கு நூல் என்றால் அரை இஞ்ச், இரண்டரை நூல் என்றால் 7.94 மில்லிமீட்டர். புதிதாக வருபவர்கள் "நூல்" என்றதும் மரையின் எண்ணிக்கை என்று நினைத்துவிடுகிறார்கள். அது விட்டத்தை மட்டுமே குறிக்கும். இன்னொரு பக்கம், கட்டடக் கம்பி வாங்கிப் பழகியவர்களுக்கு மூன்று நூலும் 10 மில்லிமீட்டரும் ஒன்று, நான்கு நூலும் 12 மில்லிமீட்டரும் ஒன்று. கான்கிரீட்டுக்குள் போகும் கம்பிக்கு அது சரி. போல்ட்டில் அந்தக் கணக்கு உள்ளே வந்தால் துளை பாழாகும்.

இரண்டரை நூல் போல்ட்டும் 8 மில்லிமீட்டர் போல்ட்டும் விட்டத்தை வைத்துப் பிரிக்கவே முடியாதவை. 7.94க்கும் 8.00க்கும் இடையே உள்ள வித்தியாசம், தேய்மானத்தில் காணாமல் போகும் அளவுக்குச் சிறியது. அதனால்தான் விட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறேன்.

துளையை அளப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மரையிட்ட துளையின் வாயை வெர்னியரால் அளந்தால் மரையின் உள்விட்டம்தான் வரும். பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்கான துளை சுமார் 8.5 மில்லிமீட்டர்தான் காட்டும். அதைப் பார்த்து 8 மில்லிமீட்டர் போல்ட் வாங்கிக்கொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

4. மரை இடைவெளிதான் உயிர்நிலை

ஒரு மரையின் உச்சியிலிருந்து அடுத்த மரையின் உச்சிவரை உள்ள தூரம்தான் இடைவெளி. மெட்ரிக் போல்ட்டில் இதை மில்லிமீட்டரில் சொல்வார்கள். இஞ்ச் போல்ட்டில் ஓர் இஞ்ச் நீளத்துக்குள் எத்தனை மரை என்று சொல்வார்கள். ஓர் இஞ்ச் என்பது 25.4 மில்லிமீட்டர் என்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எளிதாக மாற்றிக்கொள்ளலாம்: 25.4ஐ மரை எண்ணிக்கையால் வகுத்தால் இடைவெளி கிடைத்துவிடும்.

கேஜ் இருந்தால், தகட்டை மரையில் படியவைத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். சரியான தகடு முழு நீளத்துக்கும் இடைவெளியின்றி உட்காரும். இரண்டு மூன்று பற்களில் படிந்து, கடைசியில் தூக்கிக்கொண்டு நின்றால் அது சரியான தகடு அல்ல. நீளமாகப் பொருத்திப் பார்ப்பதுதான் முக்கியம். நான்கு பற்களை மட்டும் பார்த்தால் 12 மரையும் 13 மரையும் ஒன்றுபோலவே தெரியும்.

கேஜ் இல்லாவிட்டால் வெர்னியரே போதும். பத்து இடைவெளிகளின் மொத்த நீளத்தை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். இதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். பத்து உச்சிகளை எண்ணி அளந்தால் கிடைப்பது ஒன்பது இடைவெளிதான். பதினோராவது உச்சிவரை போனால்தான் பத்து இடைவெளி. முதல் உச்சிக்குச் சுழியம் என்று பெயர் வைத்து எண்ணத் தொடங்குங்கள். இது சின்ன விஷயம் இல்லை. இரண்டரை நூல் விட்வொர்த் போல்ட்டில் இஞ்சுக்கு 18 மரை. அதன் ஒன்பது இடைவெளி 12.7 மில்லிமீட்டர். எட்டு மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட்டின் பத்து இடைவெளி 12.5. விட்டமும் ஒன்றுபோல, தவறாக எண்ணியதால் நீளமும் ஒன்றுபோல வந்துவிடுவதால், நீங்கள் உறுதியான மனத்தோடு தவறான போல்ட்டை வாங்கி வருவீர்கள். சரியாக எண்ணியிருந்தால் 14.1 வந்திருக்கும், ஐயமே எழுந்திருக்காது.

அரை இஞ்சிலும் இதே பொறிதான். விட்வொர்த்தின் 12 மரைக்குப் பத்து இடைவெளி 21.2 மில்லிமீட்டர், அமெரிக்க முறையின் 13 மரைக்கு 19.5. விட்வொர்த்தை ஓர் இடைவெளி குறைத்து எண்ணினால் 19.05 வரும், அமெரிக்க அளவு என்றே முடிவு கட்டத் தோன்றும். ஆகவே மூன்று முறை எண்ணுங்கள். முடிந்தால் வேறு ஒருவரையும் எண்ணச் சொல்லுங்கள்.

துளை மட்டுமே இருந்து போல்ட்டே தொலைந்துபோயிருந்தால், முனை செதுக்கிய மெல்லிய மரக் குச்சியைத் துளையின் ஓரச் சுவரில் அழுத்தி, நேராக வெளியே எடுத்து, அதில் விழுந்த பல் தடங்களை எண்ணலாம். துளைக்குள் வேறு போல்ட்டுகளைத் திணித்துப் பார்ப்பது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

ஒரே தாங்கியில் உள்ள நான்கு துளைகளும் ஒரே மரையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐம்பது அறுபது ஆண்டு உழைத்த இயந்திரத்தில் யாரோ ஒருவர் எப்போதோ ஒரு துளைக்கு மட்டும் வேறு டேப் (துளைக்குள் மரை வெட்டும் கருவி) போட்டிருக்கலாம். எங்கள் எஞ்சினின் மூடி ஒன்றில் மூன்று துளை விட்வொர்த்தாகவும் ஒன்று மெட்ரிக்காகவும் இருப்பதை இந்த அலைச்சலின்போதுதான் கண்டுபிடித்தேன்.

5. எந்தக் குடும்பம் என்று கண்டுகொள்ளுங்கள்

விட்டமும் மரை இடைவெளியும் கையில் இருந்தால் குடும்பப் பெயர் தானாகவே வெளிப்படும். பழைய இங்கிலாந்து இயந்திரங்களில் வார்ப்பிரும்புக்குள் இறங்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் பி.எஸ்.டபிள்யூ. எனப்படும் விட்வொர்த் பெருமரை: கால் இஞ்சுக்கு 20, இரண்டரை நூலுக்கு 18, மூன்று நூலுக்கு 16, நான்கு நூலுக்கு 12, ஐந்து நூலுக்கு 11. அதே விட்டத்தில் நெருக்கமான மரை இருந்தால் அது பி.எஸ்.எஃப்.: அதே வரிசையில் 26, 22, 20, 16, 14. அமெரிக்க இயந்திரங்களில் யு.என்.சி. பெருமரையும் யு.என்.எஃப். நெருக்கமரையும் வரும்; யு.என்.எஃப். கால் இஞ்சுக்கு 28, இரண்டரை நூலுக்கும் மூன்று நூலுக்கும் 24, அரை இஞ்சுக்கு 20.

கவனிக்க வேண்டியது இதுதான்: ஓர் இஞ்ச் வரையிலான வழக்கமான அளவுகளில் விட்வொர்த்துக்கும் யு.என்.சி.க்கும் மரை எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், அரை இஞ்சைத் தவிர. மற்ற அளவுகளில் மரையின் கோணம் மட்டும் மாறும்: விட்வொர்த் 55 டிகிரி, யு.என்.சி. 60 டிகிரி. ஒன்றில் மற்றொன்று ஏறிவிடும். ஆனால் மரையின் பக்கங்கள் முழுதாகப் படியாமல் ஓரத்தில் மட்டுமே தாங்கும். வேலிக் கதவுக்கு அது போதலாம். அதிர்ந்துகொண்டே இருக்கும் எஞ்சினுக்குப் போதாது. கோணத்தை வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கேஜின் 60 டிகிரித் தகட்டை 55 டிகிரி மரையில் வைத்தால் அதன் நுனி பள்ளத்தின் அடியைத் தொடாமல் நிற்பதை வெளிச்சத்தில் காணலாம். விட்வொர்த் மரையின் உச்சி உருண்டிருப்பதும் ஒரு தடயம். ஆனால் தேய்ந்த மெட்ரிக் மரையும் உருண்டுதான் தெரியும்.

மெட்ரிக் போல்ட்டில் கடையில் இயல்பாகக் கிடைப்பது பெருமரை: 6க்கு 1.0, 8க்கு 1.25, 10க்கு 1.5, 12க்கு 1.75. ஜப்பான், ஜெர்மனி இயந்திரங்களில் 10க்கு 1.25, 12க்கு 1.25 அல்லது 1.5 என்ற நெருக்கமரைகள் அடிக்கடி வரும். நம் நாட்டில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு மெட்ரிக் அளவுகள் நடைமுறைக்கு வந்தாலும், இங்கிலாந்து வடிவமைப்பைப் பின்பற்றிச் செய்த வண்டிகளிலும் எஞ்சின்களிலும் இஞ்ச் மரைகள் நீண்ட காலம் தொடர்ந்தன. ஆகவே "இந்தியாவில் செய்தது, மெட்ரிக்காகத்தான் இருக்கும்" என்று யூகிக்காதீர்கள். ஒரே வண்டியில் இரண்டு மூன்று குடும்பங்கள் கலந்திருப்பதும் உண்டு.

சிறிய திருகுகளுக்கு வருவோம். பழைய இங்கிலாந்து ரேடியோ, மின் அளவி, சுவிட்சுப் பெட்டி ஆகியவற்றில் பி.ஏ. என்ற தனிக் குடும்பம் இருக்கும். இதன் கோணம் 47.5 டிகிரி. எண் கூடக் கூட அளவு குறையும்: 0 பி.ஏ. 6.0 மில்லிமீட்டர் விட்டமும் 1.0 இடைவெளியும், 2 பி.ஏ. 4.7 விட்டமும் 0.81 இடைவெளியும், 4 பி.ஏ. 3.6 விட்டமும் 0.66 இடைவெளியும் கொண்டவை. 0 பி.ஏ.யின் விட்டமும் இடைவெளியும் 6 மில்லிமீட்டர் மெட்ரிக்கோடு அப்படியே ஒத்துப்போவதால், பித்தளைத் துளையில் மெட்ரிக் திருகை முறுக்கி இறக்கி மரையைக் கெடுப்பவர்கள் ஏராளம். சிங்கர் போன்ற பழைய தையல் இயந்திரங்களில் இந்த எந்தக் குடும்பத்திலும் சேராத, அந்த இயந்திரத்துக்கே உரிய மரைகள் இருக்கின்றன. அவற்றுக்கு ஹார்டுவேர் கடையில் தேடாமல் நேராகத் தையல் இயந்திரம் பழுது பார்ப்பவரிடம் போங்கள்.

எண்ணெய்க் குழாய், தண்ணீர்க் குழாய் இணைப்புகளில் பி.எஸ்.பி. என்ற குழாய் மரை வரும். இதன் பெயர் குழாயின் துளையை ஒட்டி வைத்தது. மரையின் வெளிவிட்டத்தைச் சொல்லாது. அரை இஞ்ச் பி.எஸ்.பி.யை அளந்தால் 20.96 மில்லிமீட்டர், இஞ்சுக்கு 14 மரை. கால் இஞ்ச் பி.எஸ்.பி. 13.16 மில்லிமீட்டர், 19 மரை. இஞ்சுக்கு 19 மரை என்று வந்தால் வேறு யோசனையே வேண்டாம், அது குழாய் மரைதான்.

கடைசியாக, மரை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் பாருங்கள். போல்ட்டைச் செங்குத்தாக நிறுத்திப் பார்க்கும்போது மரை இடப்பக்கமாக மேலேறினால் அது இடது மரை. சைக்கிளின் இடது பெடலும், சாணை இயந்திரத்தின் இடப்பக்க நட்டும் அப்படித்தான்.

6. தலை சொல்லும் செய்தி

என் தவற்றைத் தடுத்திருக்கக்கூடிய தடயம் தலையில்தான் இருந்தது. பழைய அரை இஞ்ச் விட்வொர்த் போல்ட்டின் ஆறுபட்டைத் தலை, எதிரெதிர்ப் பட்டைகளுக்கு இடையே 23.4 மில்லிமீட்டர் அகலம் இருந்தது. நான் வாங்கி வந்த போல்ட்டின் தலைக்கு 19 மில்லிமீட்டர் ஸ்பானர் சேர்ந்தது. நான்கு மில்லிமீட்டர் குறைந்த தலை கண்முன்னே இருந்தும், "இப்போதெல்லாம் தலையைச் சின்னதாகச் செய்கிறார்கள்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அரை இஞ்ச் யு.என்.சி. தலைக்கும் 12 மில்லிமீட்டர் மெட்ரிக் தலைகள் பலவற்றுக்கும் அதே 19 ஸ்பானர்தான் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள்; ஸ்பானர் சேர்ந்துவிட்டதால் போல்ட் ஒன்று என்று ஆகிவிடாது. விட்வொர்த் ஸ்பானரின் மேல் அடித்திருக்கும் அளவு போல்ட்டின் விட்டத்தைச் சொல்வது, தலையின் அகலத்தை அல்ல.

தலையில் எழுத்தோ கோடோ இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். மெட்ரிக் போல்ட்டில் 8.8, 10.9, 12.9 என்று எண் இருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் இழுவிசை வலிமை, 8.8 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதில் 80 விழுக்காட்டில், அதாவது 640இல், இரும்பு நிரந்தரமாக நீளத் தொடங்கும். அமெரிக்க வகையில் மூன்று கோடுகள் இருந்தால் தரம் 5, ஆறு கோடுகள் இருந்தால் தரம் 8. ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வட்டங்கள் தலையில் அடித்திருந்தால் அது யு.என்.சி. அல்லது யு.என்.எஃப்.; விட்வொர்த் அல்ல. பணகுடிப் பக்கம் காற்றாலைகளில் வேலை பார்க்கும் என் மைத்துனர்தான் இதை எனக்குப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். அவர்கள் வேலையில் 10.9 இருந்த இடத்தில் 8.8 போடுவது நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று. நீங்களும் இருந்த தரத்துக்குக் குறைவாக ஒருபோதும் போடாதீர்கள்.

7. வாங்கும் முன்பு விரல் சோதனை

அளவு தெரிந்த நட்டு ஒன்றை உங்கள் பழைய போல்ட்டில் விரலால் மட்டும் ஏற்றிப் பாருங்கள். சரியான ஜோடியாக இருந்தால் நட்டின் முழு ஆழமும் தடையின்றிச் சுழன்று ஏறும். பிடித்து ஆட்டினால் லேசான அசைவுக்கு மேல் இருக்காது. இரண்டு மூன்று சுற்றில் நின்றால் மரை இடைவெளி வேறு. கடைசிவரை ஏறியும் லொடலொடவென்று ஆடினால் விட்டமோ கோணமோ வேறு. எந்த நிலையிலும் ஸ்பானரைத் தொட வேண்டாம். இந்தச் சோதனையை இயந்திரத்தின் துளையில் செய்யாமல் தனி நட்டில் செய்ய வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: நட்டு கெட்டால் பத்து ரூபாய், துளை கெட்டால் என்ன ஆகும் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

8. ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்

கடைக்கும் பட்டறைக்கும் வாயால் சொல்வதைவிட எழுதிக் கொடுப்பதே நல்லது. விட்டம், இஞ்சுக்கு எத்தனை மரை அல்லது எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி, குடும்பப் பெயர், வலது மரையா இடது மரையா, நீளம், மரையிட்ட பகுதியின் நீளம், தலையின் வடிவமும் அகலமும், தரம், எத்தனை வேண்டும் என்ற வரிசையில் எழுதுங்கள். ஆறுபட்டைத் தலையுள்ள போல்ட்டின் நீளம் தலைக்குக் கீழிருந்து நுனிவரை; தலை உள்ளே பதியும் திருகுக்கு மட்டும் தலையையும் சேர்த்து நீளம். இந்த வேறுபாடு தெரியாமல் குட்டையான திருகோடு திரும்பி வருபவர்கள் உண்டு. தாளோடு பழைய போல்ட்டையும் பெயர்ப் பலகையின் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

9. எங்கே தேடுவது, எத்தனை நாள் ஆகும்

திருநெல்வேலிச் சந்திப்பையும் டவுனையும் சுற்றியுள்ள ஹார்டுவேர் கடைகளில் மெட்ரிக் பெருமரை, சாதாரண எம்.எஸ். (மென் எஃகு) விட்வொர்த், ஓரளவு யு.என்.சி. ஆகியவை அன்றைக்கே கிடைத்துவிடும். காலை பதினோரு மணிக்குமேல், கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். தாளைக் காட்டிப் பேச அவர்களுக்கும் நேரம் இருக்கும். "அண்ணாச்சி, நாலு நூல், இஞ்சுக்குப் பன்னிரண்டு மரை, விட்வொர்த், ரெண்டரை இஞ்ச் நீளம்" என்று கேட்டால் பெட்டியைத் தேடி எடுப்பார்கள். "பதிமூணு மரைதான் இருக்கு, போட்டுப் பாருங்க தம்பி, இறங்கிரும்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள். பில்லில் வெறுமனே "போல்ட்" என்று போடாமல் அளவையும் குடும்பப் பெயரையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். பொருந்தாமல் திருப்பிக் கொடுக்கும்போது அதுதான் உங்கள் ஆவணம்.

பி.எஸ்.எஃப்., மெட்ரிக் நெருக்கமரை, உயர்வலிமை விட்வொர்த் ஆகியவற்றுக்குப் பம்பும் மோட்டாரும் செய்யும் கோயம்புத்தூரிலோ, சென்னையில் செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு வட்டாரத்திலோ விசாரிக்க வேண்டிவரும். நேரில் போவதற்கு முன்பு போனில் தாளின் படத்தை அனுப்பிக் கேளுங்கள். கூரியரில் எனக்கு ஐந்து நாள் ஆயிற்று. சில கடைகள் குறைந்தது 25 அல்லது 50 எண்ணிக்கையாகத்தான் தருவார்கள். அப்போது இதே வகை எஞ்சின் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். பழைய இரும்புக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். உடைத்துப் போட்ட அதே காலத்து இயந்திரத்தில் உங்கள் போல்ட் எடைக்கு எடையாகக் கிடைக்கலாம். ஆனால் நீண்டு மெலிந்த கழுத்து இருக்கிறதா என்று வெர்னியரால் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

10. கிடைக்காவிட்டால் லேத் பட்டறை

பேட்டைத் தொழிற்பேட்டையிலும் மற்றப் பட்டறைகளிலும் ஒரே ஒரு போல்ட்டாக இருந்தாலும் கடைந்து தருவார்கள். எனக்கு ஒன்றுக்கு 300 ரூபாய் கூலி. நான்காகச் செய்தபோது ஒன்று 220 ஆகக் குறைந்தது. லேத்தைத் தயார்செய்யும் வேலைக்குத்தான் நேரம் போகும் என்பதால் இரண்டு கூடுதலாகச் செய்து வைத்துக்கொள்வது லாபம். எந்த இரும்பில் செய்ய வேண்டும் என்பதை நீங்களே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கைக்குக் கிடைத்த எம்.எஸ். கம்பியில் முடிந்துவிடும், சுமை தாங்கும் இடத்துக்கு அதைவிட வலிமையான ஈ.என். 8 எஃகு கேளுங்கள். 55 டிகிரிக்கு வெட்டும் உளி இருக்கிறதா என்றும் முன்பே கேட்டுவிடுங்கள். மாதிரிக்குப் போல்ட்டையும், சரிபார்க்க அதே மரையுள்ள நட்டையும் கொடுத்துவிட்டு வாருங்கள். உழவு தொடங்கும் நாட்களில் டிராக்டர் வேலைகள் குவிந்திருக்கும். ஆயுத பூஜையை ஒட்டிய நாட்களிலும் வேலை நகராது. பிசான நெல் சாகுபடிக்கு எஞ்சின் வேண்டுமானால் ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள்.

கனெக்டிங் ராடு, பறக்கும் சக்கரம் (ஃப்ளைவீல்), சிலிண்டர் ஹெட், பிரேக், பாரம் தூக்கும் கொக்கி ஆகிய இடங்களுக்கு மட்டும் பட்டறையில் கடைந்த போல்ட்டைப் போடாதீர்கள். ஆலையில் மரையை உருட்டி எடுத்து, வெப்பப் பதம் கொடுத்துச் செய்த போல்ட்டின் வலிமை, கடைந்தெடுத்த மரைக்கு வராது. அங்கே முறிந்தால் நஷ்டம் இரும்போடு நிற்காது. எத்தனை நாளானாலும் தரம் குறிக்கப்பட்ட போல்ட்டுக்காகக் காத்திருங்கள்.

என்னைப் போல ஏற்கெனவே துளையைக் கெடுத்துவிட்டவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. துளையைப் பெரிதாக்கி, உள்ளே மரையிட்ட புஷ் (இரும்புக் குழல் துண்டு) ஒன்றை முறுக்கி, அதில் பழைய மரையையே மீண்டும் பெறலாம்; எங்கள் தாங்கிக்கு அதைத்தான் செய்தார்கள். அல்லது ஹெலிகாயில் எனப்படும் கம்பிச் சுருள் மரையைப் பொருத்தலாம். விட்வொர்த்துக்கும் அது கிடைக்கிறது. பெரிய போல்ட்டுக்கு டேப் போட்டு முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், துளையைச் சுற்றி எவ்வளவு இரும்பு மிஞ்சும் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வார்ப்பிரும்பு விளிம்பு மெலிந்தால் வெடிக்கும்.

11. மாட்டும்போது

துளையைத் துடைத்து, மரைக்குத் துளி எண்ணெய் விட்டு, கடைசிவரை விரலாலேயே இறக்குங்கள். வார்ப்பிரும்புக்குள் போல்ட்டின் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆழமாவது மரை பிடித்திருக்க வேண்டும்; அரை இஞ்ச் போல்ட்டுக்கு அது முக்கால் இஞ்ச். துளை கொள்ளாத அளவுக்கு நீளமாக வாங்கிவிட்டால் போல்ட்டின் நுனி துளையின் அடியில் முட்டி, இறுகியதுபோல் தோன்றும்; பம்பு ஆடிக்கொண்டே இருக்கும். ஆகவே துளையின் ஆழத்தை வெர்னியரின் வாலால் (பின்முனையில் நீளும் கம்பியால்) முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். நான்கு போல்ட்டையும் மூலைக்கு மூலை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, எஞ்சினை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, ஆறியபின் மறுபடி ஒரு முறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள். மிஞ்சிய போல்ட்டுகளை எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு, "பம்புத் தாங்கி, அரை இஞ்ச் பி.எஸ்.டபிள்யூ., 12 மரை, நீளம் 2½ இஞ்ச்" என்று எழுதிய சீட்டை உள்ளேயே வையுங்கள். நான் அதே வரியைத் தாங்கியின் பக்கத்திலும் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன்.